காருக்கு நுரைக் குளியல்!

சேறும் புழுதியும் அப்பிய காரைக் கண்டதும் பலர் என்ன செய்கிறார்கள்? ஈரத் துணியை எடுத்து அழுத்தித் தேய்க்கிறார்கள்.

இது தவறு!

புழுதியில் நுண்ணிய மணல் இருக்கிறது. துணிக்கு அடியில் சிக்கும் மணல், உப்புத்தாள் போல் வர்ணத்தைக் கீறிவிடும். வர்ணத்தின் மேல் உள்ள பளபளப்புப் பூச்சின் கனம், ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 20-ல் ஒரு பங்குதான்!

வழி என்ன?

காரை நிழலில் நிறுத்துங்கள். சூடு ஆறட்டும். தண்ணீர் பீய்ச்சும் பம்பில் நுரைக் குப்பியை மாட்டி, கார் முழுவதும் நுரை அடியுங்கள். கார் கழுவுவதற்கென்று விற்கும் ஷாம்புவையே ஊற்றுங்கள். சலவைத் தூள் கூடாது. அது மெழுகுப் பூச்சைப் போக்கிவிடும்.

கையால் தொடாதீர்கள்!

சுமார் 5 நிமிடம் ஊற விடுங்கள். நுரை அழுக்கை இளக்கும். மணல் நுரையோடு வழிந்து இறங்கும். நுரை காய்வதற்குள் தண்ணீர் பீய்ச்சி அலசுங்கள். காய்ந்தால் திட்டுத் திட்டாகக் கறை படியும்.

வேலை முடிந்ததா?

இல்லை. மெல்லிய அழுக்குப் படலம் மிஞ்சியிருக்கும். அதற்கு 2 வாளி வேண்டும். ஒன்றில் ஷாம்புத் தண்ணீர். மற்றொன்றில் துணியை அலச நல்ல தண்ணீர். ஒவ்வொரு முறையும் துணியை அலசிய பிறகே ஷாம்புவில் நனைக்க வேண்டும். இப்பொழுது மெதுவாகத் துடைக்கலாம்.

பெரும்பாலான மணல் முன்பே போய்விட்டதால், கீறல் விழும் பயம் மிகவும் குறைவு!