பிஎஸ்6 வரைக்கும் காத்திருக்கலாமா, பிஎஸ்5 இப்பவே வாங்கலாமா? சம்பளக்காரர்களுக்கு ஒரு முழுக் கணக்கு



"அண்ணா, பிஎஸ்6 வரப்போகுதுன்னு சொல்றாங்க. இப்ப போய் பிஎஸ்5 வாங்கினா வேஸ்ட்டா? நோ காஸ்ட் இஎம்ஐ-ல போட்டுடலாமா?"

கொஞ்ச நாளா எனக்கு வர்ற கேள்விகள்ல இது ரொம்ப அதிகம். கேட்டவர்களில் ஒருத்தர் நம்ம ஊரப்பாக்கத்துத் தம்பி. வயசு 24, மகேந்திரா சிட்டியில் வேலை, கைக்கு வரும் சம்பளம் ₹36,000. வீட்டுக்கு ₹12,000 அனுப்புகிறார். ரூம் வாடகைப் பங்கு, சாப்பாடு ₹11,000. டிரெயின், பஸ், போன் ₹2,500. தங்கச்சி காலேஜ் ஃபீஸுக்கு மாதம் ₹4,000 ஒதுக்குகிறார். மிச்சம் ₹6,500. "சின்ன வயசுல பிரௌசிங் சென்டர்ல மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துதான் விளையாடினேன். சொந்தமா ஒண்ணு வேணும்ணா" என்றார்.

இதை வெட்டிச் செலவுன்னு சொல்லி அவரை அனுப்பிவைக்க எனக்கு மனசு வரலை. சம்பாதிக்கிறதே சில ஆசைகளுக்காகத்தானே. ஆனா அந்த ₹6,500-க்குள்ள இது எப்படி உட்காரும் என்பதுதான் கேள்வி. 2025 டிசம்பர் நிலவரத்தை வச்சுப் பார்ப்போம்.

முதல்ல, எது உறுதி? எது வதந்தி?

யூடியூபில் பிஎஸ்6 பற்றிப் பேசும் வீடியோக்களில் பாதிக்கு மேல் கசிவுத் தகவல்கள்தான். ஓரியன், மேக்னஸ் மாதிரியான சிப் பெயர்களை சோனியோ மைக்ரோசாஃப்டோ அறிவிக்கவில்லை. கம்பெனிகளே வாய் திறந்து சொன்னது கொஞ்சம்தான்:

- 2025 அக்டோபரில் சோனியின் மார்க் செர்னியும் ஏஎம்டியின் ஜாக் ஹுயினும் ஒரு வீடியோவில் மூணு தொழில்நுட்பங்களை விளக்கினார்கள். நியூரல் அர்ரேஸ் என்பது சிப்பின் பகுதிகளை ஒண்ணா சேர்த்து, ஏஐ மூலம் படத்தைத் துல்லியமாக்குவது. ரேடியன்ஸ் கோர்ஸ் என்பது ஒளி, நிழல், பிரதிபலிப்பு கணக்குக்கென்றே தனி வன்பொருள். யுனிவர்சல் கம்ப்ரெஷன் என்பது மெமரிக்குப் போய்வரும் டேட்டாவைச் சுருக்குவது.
- இவை இப்போதைக்கு சிமுலேஷனில் மட்டுமே இருக்கின்றன, இன்னும் சில வருடங்களில் வரும் கன்சோலில் பயன்படும் என்று செர்னியே சொல்லிவிட்டார். பிஎஸ்6 என்ற பெயரையோ தேதியையோ விலையையோ சொல்லவில்லை.
- மைக்ரோசாஃப்ட் 2025 ஜூனில் ஏஎம்டியுடன் பல வருட ஒப்பந்தத்தை அறிவித்தது. பழைய எக்ஸ்பாக்ஸ் கேம்கள் புது மெஷினிலும் ஓடும் என்றார்கள். அக்டோபரில் சாரா பாண்ட், அடுத்த எக்ஸ்பாக்ஸ் மிக உயர்தரமான பிரீமியம் அனுபவமாக இருக்கும் என்றார். 'பிரீமியம்' என்றால் பர்ஸுக்கு என்ன அர்த்தம்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, இன்னைக்கு நீங்க ஒப்பிடுவது கடையில் இருக்கும் ஒரு மெஷினையும் கம்ப்யூட்டர் சிமுலேஷனில் இருக்கும் ஒரு மெஷினையும். இதை மறக்காதீங்க.

எப்போ வரும்?

பிஎஸ்3 வந்தது 2006 நவம்பர். பிஎஸ்4 2013 நவம்பர். பிஎஸ்5 2020 நவம்பர். ஏழு வருட இடைவெளி அப்படியே தொடர்ந்தால் 2027 நவம்பர். மைக்ரோசாஃப்ட் பக்கம், அமெரிக்க நீதிமன்ற வழக்கின்போது 2023-ல் வெளியான உள் ஆவணங்களில் அடுத்த தலைமுறைக்கு 2028 என்று திட்டம் போட்டிருந்தார்கள். எனவே 2027 கடைசி முதல் 2028 வரை என்பது நியாயமான ஊகம். ஊகம்தான்!

ஆனா அது உலகத் தேதி. நம்ம ஊர்த் தேதி வேற. பிஎஸ்4 இங்கே 2014 ஜனவரியில் வந்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன் பத்து மாதம் கழித்து 2014 செப்டம்பரில்தான் வந்தது. பிஎஸ்5 2021 பிப்ரவரி 2-ல் வந்தது. அதற்கு முந்தைய மாதம் திறந்த முன்பதிவு சில நிமிடங்களில் முடிந்துபோனது. பிஎஸ்5 ப்ரோ 2024 நவம்பரில் வெளிநாடுகளில் வந்தபோது இந்தியாவுக்கு வரவே இல்லை. அது பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லை என்பதுதான் காரணம். நிண்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கும் இங்கே அதிகாரப்பூர்வ விற்பனை கிடையாது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் 'இம்போர்ட்டட் பீஸ்' கிடைக்கும்தான். ஆனா இந்திய வாரன்ட்டி இருக்கா, பில்லில் ஜிஎஸ்டி இருக்கா என்று கேளுங்க. இரண்டுக்கும் 'இல்லை' என்றால், ரிப்பேர் செலவு முழுக்க உங்க தலையில்.

என்ன விலைக்கு வரும்?

இது சிஏ வேலை, நானே போடுறேன்.

பிஎஸ்5 அமெரிக்காவில் 500 டாலர். இந்திய அறிமுக விலை ₹49,990. அன்னைக்கு டாலர் சுமார் ₹73. 500 டாலர் என்றால் ₹36,500. அதன்மேல் 18% ஜிஎஸ்டி போட்டால் ₹43,070. நாம் கொடுத்தது அதைவிடச் சுமார் 16% அதிகம். சுங்கம், சரக்கு, விநியோகம் எல்லாம் அதில் அடக்கம்.

2025 டிசம்பரில் டாலர் ₹90-ஐத் தொட்டது. அதே வாய்ப்பாட்டை அப்படியே போட்டால்:

- 500 டாலர் விலை வைத்தால்: சுமார் ₹61,600
- 600 டாலர் என்றால்: சுமார் ₹73,900
- 700 டாலர் என்றால்: சுமார் ₹86,200

500-க்கு வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அஞ்சு வருஷப் பழசான பிஎஸ்5-க்கே அமெரிக்காவில் 2025 ஆகஸ்டில் விலையை 550 டாலராக ஏற்றினார்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் அதே வருடத்தில் இரண்டு தடவை ஏறி 650 டாலர் ஆனது. போதாக்குறைக்கு, ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவதால் ரேம் விலை எகிறிக்கொண்டிருக்கிறது. எனவே பிஎஸ்6-க்கு ₹75,000 என்று மனசுல வச்சுக்கோங்க. குறைவாக வந்தால் லாபம்.

(ஜிஎஸ்டி ரோட்டிலேயே குடியிருக்கிற நமக்கு ஒரு தகவல்: 2018 வரை கன்சோலுக்கு ஜிஎஸ்டி 28%. 2019 ஜனவரி 1 முதல் 18%. ₹54,990 கொடுத்து பிஎஸ்5 வாங்கினால் அதில் ₹8,388 வரி.)

காத்திருந்தா பழைய மாடல் விலை குறையுமா?

முன்னாடி அப்படித்தான். மெஷின் பழசாக ஆக விலை இறங்கும். இந்தத் தலைமுறையில் அந்த விதி உடைந்துவிட்டது. 2021-ல் ₹49,990-க்கு வந்த டிஸ்க் மாடல், 2022 நவம்பரில் ₹54,990 ஆனது. நிரந்தரக் குறைப்பு வரவில்லை. வந்தது சீசன் தள்ளுபடிதான். 2023 ஜூலையில் ₹7,500 குறைத்து ₹47,490-க்குக் கொடுத்தார்கள். எனவே "சும்மா காத்திருந்தா குறையும்" என்று நினைக்காதீங்க. சேலுக்காகக் காத்திருப்பது வேற, புது மாடலுக்காகக் காத்திருப்பது வேற.

நோ காஸ்ட் இஎம்ஐ: 'நோ' எங்கே, 'காஸ்ட்' எங்கே?

கிரெடிட் கார்டில் பூஜ்ய வட்டி என்ற பெயரில் வட்டியை மறைக்கும் திட்டங்களை ரிசர்வ் வங்கி 2013-லேயே நிறுத்தச் சொன்னது. அப்புறம் இது எப்படி நடக்குது? வங்கி வட்டி போடும். அந்த வட்டி அளவுக்குக் கடைக்காரர் முன்கூட்டியே தள்ளுபடி கொடுப்பார். இரண்டும் சமம். ஆனா வட்டிமேல் வரும் ஜிஎஸ்டி உங்க கணக்கு.

₹54,990-ஐ 12 மாதம், 16% வட்டி என்று வச்சுக்குவோம். மாதம் ₹4,583. இதில் ஒளிந்திருக்கும் வட்டி சுமார் ₹4,480. அதன்மேல் 18% ஜிஎஸ்டி ₹807. பிராசஸிங் கட்டணம் ₹199 என்றால் வரியோடு ₹235. மொத்தம் ₹1,042 கூடுதல். தலை போகும் தொகை இல்லைதான். ஆனா முழுப் பணம் கட்டுறவங்களுக்குக் கிடைக்கும் கார்டு தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்குமா, ரிவார்டு பாயின்ட் உண்டா என்று பார்த்துக்கோங்க.

உண்மையான ஆபத்து அந்த ஆயிரம் ரூபாய் இல்லை. நம்ம தம்பியின் ₹6,500-ல் ₹4,583 போனால் மிச்சம் ₹1,917. ஒரு மாசம் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால்? கார்டு பில்லில் 'மினிமம் டியூ' மட்டும் கட்டத் தோணும். அங்கேதான் புதைகுழி. கார்டு வட்டி மாதம் 3.5% என்றால், ₹54,990 பாக்கிக்கு ஒரு மாத வட்டியும் ஜிஎஸ்டியும் சேர்ந்து ₹2,271. நீங்க 5% மினிமமாக ₹2,750 கட்டினால், கடன் குறைவது ஐநூறு ரூபாய்கூட இல்லை.

மெஷின் விலையோட முடியாது

புதுப் பெரிய கேம் ஒண்ணு ₹5,000 வாக்கில். ஆன்லைனில் நண்பர்களோடு விளையாடப் பெரும்பாலான கேம்களுக்குச் சந்தா வேணும். சந்தாவும் நிலையாக இல்லை: எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் அல்டிமேட் 2025 அக்டோபரில் இந்தியாவில் மாதம் ₹829-லிருந்து ₹1,389 ஆனது. அப்புறம் டிவி. 4கே, 120 ஹெர்ட்ஸ் காட்டாத டிவியில் அடுத்த தலைமுறை மெஷினை மாட்டினால், கொடுத்த காசில் பாதி கண்ணுக்கே தெரியாது.

இதனாலேயே டிஜிட்டல் மாடலைவிட டிஸ்க் மாடலுக்கு என் ஓட்டு. டிஸ்க் கேமை முடித்துவிட்டு விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். டவுன்லோடு செய்ததை விற்க முடியாது.

சரி, யார் என்ன செய்யலாம்?

1. கார்டு பாக்கி இருக்கு, அவசர நிதி இல்லை: பிஎஸ்5-உம் வேண்டாம், பிஎஸ்6-உம் வேண்டாம். முதல்ல கார்டை அடைங்க.

2. ஏற்கெனவே பிஎஸ்5 இருக்கு: சும்மா இருங்க. இம்போர்ட்டட் ப்ரோவுக்குத் தாவ வேண்டாம். மாதம் ₹2,500 ஆர்டியில் போடுங்க. 30 மாதத்தில் கட்டியது ₹75,000, 6.5% வட்டி என்றால் கையில் சுமார் ₹81,000. வட்டி உங்க வருமானத்தில் சேரும், ரிட்டர்னில் காட்டுங்க.

3. எதுவுமே இல்லை, அவசர நிதி இருக்கு: தாராளமா பிஎஸ்5 வாங்குங்க, ஆனா சேலில். முழு விலைக்கே வாங்கி, 30 மாதம் விளையாடி, ₹20,000-க்கு விற்பதாக வச்சாலும் மாதச் செலவு ₹1,166. பிஎஸ்5-இல் பிஎஸ்4 கேம்கள் ஏறக்குறைய எல்லாமே ஓடுகின்றன. அதே வழி தொடர்ந்தால் இன்று வாங்கும் கேம்கள் நாளைக்கும் உதவும்.

4. நம்ம தம்பி மாதிரி, பாதி வழியில் இருக்கீங்க: அவருக்கு மாதக் கட்டாயச் செலவு ₹29,500. மூணு மாத அவசர நிதி ₹88,500. கையில் இருப்பது ₹40,000. நான் கொடுத்த திட்டம்: ₹6,500-ல் ₹4,000 அவசர நிதிக்கு, ₹2,500 'கேம் டப்பா'வுக்கு. ஜனவரியில் தொடங்கினால் நவம்பருக்குள் டப்பாவில் ₹27,500, அவசர நிதியில் ₹84,000. 2026-ல் தீபாவளி நவம்பர் 8. ஜிடிஏ 6-க்கு ராக்ஸ்டார் இப்போது அறிவித்திருக்கும் தேதி நவம்பர் 19, அது பிஎஸ்5-இலும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸிலும்தான் வருது, பிஎஸ்6 தேவையில்லை. போனஸும் தீபாவளி சேலும் கைகொடுத்தால் கடனே இல்லாமல் வாங்கலாம். கைகொடுக்கலைன்னா இன்னும் சில மாதம் டப்பா நிறையட்டும். ஜிடிஏ எங்கேயும் போகாது.

"பதினொரு மாசமாண்ணா?" என்று முகம் சுருங்கியது. இஎம்ஐ-யும் 12 மாசம்தான் தம்பி. வித்தியாசம் என்னன்னா, இதில் நடுவில் வீட்டில் ஒரு அவசரம் வந்தால், நிறுத்திக்கொள்ளும் உரிமை உங்க கையில் இருக்கும். தங்கச்சி ஃபீஸில் கை வைக்க வேண்டிய நிலைமை வராது.

ஒரு சின்னக் கேள்வி-பதில்

"நான் கேம் ஸ்ட்ரீமிங் பண்றேன், கன்சோல் விலையை வரியில் கழிக்கலாமா?" சம்பள வருமானத்திலிருந்து கழிக்க முடியாது. ஸ்ட்ரீமிங்கில் உண்மையிலேயே வருமானம் வந்து, அதைத் தொழில் வருமானமாகக் காட்டினால் மட்டுமே தேய்மானம் பற்றிப் பேசலாம். பில் உங்க பேரில் இருக்கணும்.

இந்த மாதச் சம்பளம் வந்ததும் செய்ய வேண்டியது ஒண்ணுதான்: கட்டாயச் செலவு போக மிச்சம் எவ்வளவுன்னு ஒரு பேப்பரில் எழுதுங்க. அந்த எண் தெரியாமல் பிஎஸ்5-ஆ பிஎஸ்6-ஆ என்று யோசிப்பதில் அர்த்தமே இல்லை. டாலர் விலைக் கணக்கையும் ஆர்டி கணக்கையும் சேனலில் வீடியோவாகப் போட்டிருக்கேன். உங்க எண்களைப் போட்டுப் பாருங்க. நீங்க மேலே சொன்ன நாலில் எந்த ரகம்னு கமென்ட்டில் சொல்லுங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்.