வாய்க்கெட்டித் துப்பாக்கியின் குறிகளை மாற்றும் முறை

அமெரிக்க ஐக்கிய நாட்டின் பென்சில்வேனியா மாகாணத்தில் மக்காச்சோளமும் சோயா மொச்சையும் பயிரிடும் குடியானவர்களுக்கு மான்களால் நேரும் சேதம் சொற்பமன்று. அந்தி வேளையில் காட்டோரங்களிலிருந்து இறங்கும் வெள்வால் மான்கள் இளம் பயிரின் குருத்தைக் கடிப்பதோடு, கதிர் பிடித்த பின்னர் மணிகளையும் தின்று போகின்றன. அம்மாகாணத்தில் மான் வேட்டைக்குச் சட்டப்படி வெவ்வேறு பருவங்கள் விடப்படுகின்றன. அவற்றுள், சக்கிமுக்கிக் கல்லால் தீப்பற்றும் பழைய மாதிரித் துப்பாக்கிக்கென்றே ஒரு பருவம் 1974-ம் வருஷம் முதல் ஏற்பட்டது. தொலைநோக்கிக் கண்ணாடி பொருத்தலாகாது என்பது அப்பருவத்தின் பழைய நிபந்தனைகளில் ஒன்று. ஆகவே வேட்டைக்குச் செல்லும் குடியானவர் நம்பியிருக்க வேண்டியது, குழலின்மீது நிற்கும் இரண்டு சிறு உலோகத் துண்டுகளையே. அவை சரியாக அமையாவிடில் மான் சாவதில்லை. காயம்பட்டுக் காட்டிற்குள் ஓடி, பல நாள் வேதனைப்பட்டு மடிகிறது.

இவ்வகைத் துப்பாக்கி 18-ம் நூற்றாண்டில் லங்காஸ்டர் முதலிய ஊர்களில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்களின் பட்டறைகளில் உருவாயிற்று. ஜேக்கப் டிக்கர்ட் என்பவர் அவர்களுள் பெயர் பெற்றவர். குழல் பெரும்பாலும் 40 அங்குலத்துக்கு மேற்பட்ட நீளமும், எட்டுப் பட்டை வடிவமும் உடையது. உட்புறத்தில் முறுக்கு வரிகள் வெட்டப்பட்டிருக்கும். மருந்தை வாய்வழியே கொட்டி, கொழுப்புத் தடவிய துணித்துண்டில் ஈயக் குண்டைப் பொதிந்து இடிகோலால் அழுத்துவார்கள். துணி வரிகளைப் பற்றிக்கொள்வதால் குண்டு சுழன்று சென்று நெடுந்தூரம் நேர்வழி தவறாமல் பாய்கிறது. குழலின் வாயருகே நிற்கும் வெள்ளி அல்லது பித்தளைத் தகடு முன்குறி. பின்னால் நடுவில் சிறு பள்ளம் வெட்டிய இரும்புத் துண்டு பின்குறி. இரண்டும், மேல்வாய் குறுகி அடி அகன்ற குறுக்குக் காடிகளில் இறுகப் பொருந்தியிருப்பது வழக்கம்.

குறிகளை மாற்ற வேண்டிய அவசியம் துப்பாக்கியின் பழுதால் மட்டும் நேர்வதில்லை. நாற்பது வயதைக் கடந்தவருக்கு வெள்ளெழுத்து ஏற்படும்போது, கண்ணுக்கு மிக அருகிலுள்ள பின்குறியின் பள்ளம் புகைபோல் மங்கித் தோன்றும். இளமையில் குறி தவறாதவர் அப்போது துப்பாக்கியைக் குறைகூறுவது சகஜம். இதற்குப் பரிகாரம், பள்ளத்தைச் சிறிது அகலமாக்குவது, அல்லது பின்குறியை மூன்று நான்கு அங்குலம் வாய்ப்பக்கமாக முன்னே தள்ளி அமைப்பது. குறிகளுக்கிடையே உள்ள தூரம் குறைவதால் சிறு பிழையும் சற்றுப் பெரிதாகும் என்பது மெய்யே. எனினும் தெளிவாகத் தெரியாத குறி எவ்வளவு தூரத்தில் இருந்து என்ன பயன்?

வேலையைத் தொடங்குமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுண்டு. இதில் அசட்டையாயிருந்தவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கியில் மருந்து இருக்கிறதா இல்லையா என்பது வெளிப்பார்வைக்குத் தெரியாது. பல வருஷம் பரணில் கிடந்த துப்பாக்கியிலும் பழைய மருந்து அப்படியே இருக்கக்கூடும். முதலில் சக்கிமுக்கிக் கல்லைக் கழற்றிவிட வேண்டும். முகத்தையோ உடலையோ குழலின் வாய்க்கு நேரே கொண்டுவராமல், இடிகோலை உள்ளே மெல்ல இறக்கி, வாயின் விளிம்பில் ஓர் அடையாளம் இட வேண்டும். பின்பு கோலை வெளியே எடுத்து அதே அளவைக் குழலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அதன் நுனி தீத்துளை வரையில் எட்ட வேண்டும். ஓரிரண்டு அங்குலம் குறைந்தால் உள்ளே மருந்தும் குண்டும் இருக்கின்றன என்றே கொள்ள வேண்டும். அத்தகைய துப்பாக்கியில் அனுபவமுள்ள கம்மியரைத் தவிர வேறு எவரும் கை வைக்கலாகாது.

பழைய குறியைக் கழற்றும்போது, அடிக்கட்டையைத் தோளில் வைத்துப் பார்ப்பவருக்கு இடப்பக்கமாயுள்ள முனையிலிருந்து வலப்பக்கமாகத் தட்டுவது கொல்லர்களின் நெடுநாள் வழக்கம். புதியதை வலத்திலிருந்து இடமாகச் செலுத்துவார்கள். தட்டுவதற்குப் பித்தளைத் துண்டையே உபயோகிக்க வேண்டும்; எஃகு உளி குழலில் வடு உண்டாக்கும். துருவேறி இறுகியிருந்தால் எண்ணெய் விட்டு ஓர் இரவு பொறுத்திருப்பதே மேல். புதுக் குறியின் அடிப்பாகம் பெரிதாயிருந்தால் அதையே அராவிச் சிறிதாக்க வேண்டுமேயன்றிக் குழலின் காடியை அராவக் கூடாது. பாதி தூரம் விரலால் தள்ளும்போதே சென்று, மீதியைத் தட்டிச் செலுத்தும்படியான இறுக்கமே சரியானது.

பின்குறியை முன்னே நகர்த்துவதற்குப் புதுக் காடி வெட்ட நேர்ந்தால் கணக்குப் பார்க்காமல் அரத்தை எடுக்கலாகாது. பட்டைக்குப் பட்டை 0.81 அங்குலமுள்ள குழலில் துவாரம் 0.45 அங்குலமானால், ஒரு பக்கத்துச் சுவரின் கனம் 0.18 அங்குலமே. அதில் 0.06 அங்குலம் ஆழம் வெட்டினால் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. வரிகளின் ஆழமும் இதில் கழிய வேண்டும். இதனினும் மெல்லிய குழலில் காடி வெட்டத் துணிவது விவேகமன்று. வெறுமையாக விட்ட பழைய காடியில் இரும்புத் துண்டு ஒன்றை அடைத்துச் சமப்படுத்திவிடலாம். டிக்கர்ட் காலத்துப் பட்டறைகளிலிருந்து வந்த அசல் துப்பாக்கியானால், ஒரு காடியும் வெட்டாமல் அப்படியே பாதுகாப்பதுதான் முறை. இவ்வேலைகளெல்லாம் பழைய மாதிரியைப் பார்த்துப் புதிதாகச் செய்த துப்பாக்கிகளுக்கே உரியவை.

இனி உயரத்தைப் பற்றிய விஷயம். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நேர்கின்றன. முன்குறியின் உயரம் குறைந்தால் குண்டு மேலே போகும். உயரம் கூடினால் கீழே இறங்கும். பின்குறியோ இதற்கு நேர்மாறு. ஆதலால் புது முன்குறியை வேண்டியதற்கு மேற்பட்ட உயரமாகவே வைத்து, குண்டு கீழே படும்படி விட்டு, பிறகு சிறிது சிறிதாக அராவ வேண்டும். அராவிய உலோகம் திரும்ப வராது. எவ்வளவு அராவுவது என்பதற்குக் கணக்கு எளிது. குறிகளிரண்டிற்கும் இடைத்தூரம் 30 அங்குலம், இலக்கின் தூரம் 50 கஜம், அதாவது 1,800 அங்குலம், குண்டு 3 அங்குலம் கீழே பட்டது என்று கொள்வோமானால், 3-ஐ 30-ஆல் பெருக்கி 1,800-ஆல் வகுக்க வேண்டும். வருவது 0.05 அங்குலம். இதில் பாதியை அராவி மறுபடி சுட்டுப் பார்ப்பவரே புத்திசாலி. பக்கவாட்டுப் பிழைக்குப் பின்குறியைக் குண்டு போக வேண்டிய திசையில் நகர்த்த வேண்டும். முன்குறியை நகர்த்துவதானால் அதற்கு எதிர்த்திசையில்.

ஒரே சூட்டைப் பார்த்து முடிவு செய்வது வீண். மணல் மூட்டையின்மீது துப்பாக்கியைத் தாங்கவைத்து, மருந்தின் அளவும் துணியின் கனமும் மாறாமல், சூட்டிற்குச் சூடு குழலைத் துடைத்து, ஐந்து குண்டுகளாவது சுட்டு, அவற்றின் நடுவிடத்தைக் கொண்டே அளக்க வேண்டும். வெயிலும் ஏமாற்றும்: பளபளக்கும் வெள்ளித் தகட்டில் வலப்பக்கத்திலிருந்து ஒளி பட்டால் கண் ஒளிர்ந்த பக்கத்தையே பள்ளத்தின் நடுவில் நிறுத்தும், குண்டு இடப்பக்கம் விலகும். எனவே மேகமூட்டமான நாளே இச்சோதனைக்கு ஏற்றது. பிழை நீங்கிய பின் குறியின் அடியிலும் குழலிலும் சேர்த்து ஒரு மெல்லிய கோடு கீறி வைத்தால், பிற்பாடு அது நகர்ந்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

இந்தியாவில் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்கான வாய்க்கெட்டித் துப்பாக்கியைத் தனியே குறிப்பிடுகிறது. துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கும் அச்சட்டத்தின் 5-வது பிரிவின்படி லைசென்சு வேண்டும். ஆகையால் குறி மாற்றும் வேலையை ஊர்க் கொல்லரிடம் ஒப்படைக்காமல் லைசென்சு பெற்ற கம்மியரிடமே கொடுக்க வேண்டும் என்பதைக் கிராம அதிகாரிகள் குடிகளுக்கு எடுத்துச் சொல்வது நலம். துப்பாக்கி லைசென்சு மட்டும் கையிலிருப்பதால் வயலில் இறங்கிய காட்டு மிருகத்தைச் சுட அனுமதி கிடைத்ததாகாது. அது 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்ட விஷயம். அதற்கு வன இலாகாவையே அணுக வேண்டும்.