முக்கால் அங்குலச் சிலிண்டர்

இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றங்கரை ஊரான ஹென்லியை ஒட்டி ஷிப்லேக் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே ஒரு மாளிகையின் விளக்குகளுக்கு மின்சாரம் தந்த நீராவி எந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் ஸ்டூவர்ட் டர்னர் என்ற பொறியாளர் இருந்தார். காலம் 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள். பெரிய எந்திரங்களோடு பழகிய அவர், மேசைமேல் வைத்து ஓட்டக்கூடிய ஒரு சின்ன நீராவி எந்திரத்தை வடிவமைத்தார். அதன் உறுப்புகளை இரும்பில் வார்க்கச் செய்து, தாமே கடைந்து பூட்டிக்கொள்ள ஆசைப்பட்டவர்களுக்கு வரைபடத்தோடு விற்கத் தொடங்கினார். 1898இல் பெர்சிவல் மார்ஷல் தொடங்கிய ‘மாடல் இன்ஜினியர்’ இதழ் அந்த வார்ப்புகளைப் பாராட்டி எழுத, ஆர்டர்கள் வந்து குவிந்தன. 1906இல் அது முறையான கம்பெனியாயிற்று.

அந்தக் கம்பெனியின் பெயரைச் சொன்னதும் மாதிரி எந்திரம் கட்டும் கலையில் இருப்பவர்களுக்கு நினைவுக்கு வருவது ‘ஸ்டூவர்ட் 10’ என்னும் சிறு எந்திரம். நூறாண்டு கடந்தும் அதன் வார்ப்புகள் விற்பனையில் இருக்கின்றன. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தோட்டத்துக் கொட்டகையில் ஒரு சிறு லேத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு, இனி என்ன செய்யலாம் என்று யோசிக்கும் ஆங்கிலேயர் பலர் முதலில் கை வைப்பது இந்த எந்திரத்தில்தான். லேத்தும் பெரும்பாலும் மைஃபோர்ட் கம்பெனியின் தயாரிப்பாக இருக்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு சந்தைக்கு வந்த எம்.எல்.7 என்ற அந்தச் சிறு லேத், பல வீடுகளில் இரண்டாம் மூன்றாம் கை மாறி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஸ்டூவர்ட் 10இன் செங்குத்து வடிவத்தை எடுத்துக்கொள்வோம். சிலிண்டரின் உள்விட்டம் முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரமும் அதே முக்கால் அங்குலம். ஃப்ளைவீலின் விட்டம் 3 அங்குலம். பிஸ்டன் ஒரு முறை நகரும்போது சிலிண்டருக்குள் ஏறத்தாழ ஐந்தரை மில்லிலிட்டர் நீராவி நிறைகிறது. ஒரு டீஸ்பூனைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். ஆனால் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அழுத்தத்தில் நீராவி வந்தால், கட்டைவிரல் நகத்தளவுள்ள அந்தப் பிஸ்டனை அது 8 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். இதைப் பொம்மை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ரயிலை இழுத்த எந்திரத்தில் உள்ள பிஸ்டன், கிராங்க், வால்வு எல்லாம் இதிலும் உண்டு. எல்லாமே வேலை செய்தாக வேண்டும்.

பெட்டியைப் பிரித்தால் கையில் கிடைப்பது எந்திரம்போல் இருக்காது. சாம்பல் நிறத்தில், சொரசொரப்பாக, ஓரங்களில் வார்ப்புப் பிசிறு ஒட்டிய இரும்புத் துண்டுகள் இருக்கும். அடிப்பலகை, தூண், சிலிண்டர் கட்டி, ஃப்ளைவீல்; கூடவே சில கம்பிகள், திருகுகள், ஒரு வரைபடம். ஏற்கெனவே கடைந்து முடித்த உறுப்புகளாகவும் இதை வாங்கலாம். அரமும் திருப்புளியும் இருந்தால் பூட்டிவிடலாம். கண்ணும் கையும் ஒத்துழைக்கும் யாருக்கும் கடையாத வார்ப்பையே நான் சிபாரிசு செய்வேன். இந்தக் கலை தருகிற பெரிய இன்பம் லேத்தில்தான் இருக்கிறது.

வார்ப்பிரும்புக்கு ஒரு தோல் உண்டு. உருகிய இரும்பு மணல் அச்சைத் தொட்ட இடத்தில் வேகமாகக் குளிர்ந்து இறுகிப்போயிருக்கும். அச்சு மணலின் துகள்களும் அதில் பதிந்திருக்கும். புதிதாகக் கற்பவர் பயந்து பயந்து மேலாகச் சுரண்டினால் டூலின் முனை அந்தத் தோலில் உராய்ந்தே மழுங்கிவிடும். முதல் வெட்டே தோலுக்கு அடியில் இறங்குமளவு ஆழமாக இருக்க வேண்டும். தோல் போன பிறகு வார்ப்பிரும்பு வெகு சாது. எஃகு போலச் சுருள் சுருளாக வராமல் கரும்பொடியாக உதிரும். அதிலுள்ள கிராஃபைட்டே வழுக்கலுக்குப் போதுமென்பதால் எண்ணெய் விடத் தேவையில்லை. விரல் இடுக்கில் ஏறிய கருமை மட்டும் ஒரு சோப்புக்குப் போகாது.

சிலிண்டரைக் குடைவதுதான் வேலையின் நடுநாயகம். கட்டியை நாலு தாடை சக்கில் பிடித்து, ஒவ்வொரு தாடையாகத் தளர்த்தியும் இறுக்கியும், நடுக்கோடு ஆடாமல் சுற்றும்வரை சரிசெய்ய வேண்டும். பிறகு போரிங் டூலை உள்ளே விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டத்தை ஏற்ற வேண்டும். சின்னத் துளைக்குள் நீளமாக நுழையும் டூல் மெலிந்துதான் இருக்கும். வெட்டும்போது நூலளவு வளையும். அதனால் கடைசி அளவை எட்டியதும் டூலை நகர்த்தாமல் அதே இடத்தில் வைத்து இரண்டு மூன்று முறை ஓட்டுவார்கள். வளைந்திருந்த டூல் மெல்ல நிமிர்ந்து, விட்டுப்போன மிச்சத்தைச் சுரண்டி எடுக்கும். குடைந்து முடித்த கையோடு, சக்கிலிருந்து கட்டியைக் கழற்றாமலேயே அதன் ஒரு முனையையும் முகம் கடைந்துவிட வேண்டும். அப்போதுதான் அந்த முகம் துளைக்குச் சரியான செங்கோணத்தில் அமையும். கழற்றி மாட்டினால் எவ்வளவு கவனமாக வைத்தாலும் துளிச் சாய்வு வந்துவிடும். அந்தச் சாய்வு மூடிக்கும், அங்கிருந்து பிஸ்டன் தண்டுக்கும், அங்கிருந்து கிராங்குக்கும் போய்ச்சேரும். கடைசியில் எந்திரம் ஓரிடத்தில் இறுகி நிற்கும்போது, அந்தப் பிழை பிறந்த நாள் எதுவென்று கண்டுபிடிப்பது லேசான காரியமல்ல.

இன்னொரு கண்டம் நீராவி வழி. சிலிண்டரின் முனையிலிருந்து பக்கவாட்டிலுள்ள போர்ட் என்னும் நீராவிப் பிளவுக்குச் சாய்வாக ஒரு மெல்லிய துளை போட வேண்டும். துளை சற்று வழுவிச் சிலிண்டருக்குள் எட்டிப் பார்த்தால் கட்டி வீண். உதிரியாக ஒரு வார்ப்பு வாங்கலாம்தான். ஆனால் அத்தனை வேலையையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஓய்வு பெற்றவர்களுக்கு இந்தக் கலை பொருந்துவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். சம்பளத்துக்குக் கடைகிறவர் மாலைக்குள் எண்ணிக்கை காட்ட வேண்டும். இவருக்கு அந்த நெருக்கடி இல்லை. ஒரு துளையைப் போடுவதற்கு முன் அதற்கென்றே ஒரு தாங்கியைச் செய்து, வீண் இரும்பில் ஒத்திகை பார்த்து, மறுநாள் காலை வெளிச்சத்தில் போடலாம்.

சரி, எந்திரம் எப்படி ஓடுகிறது? இதில் நீராவி பிஸ்டனை இரண்டு பக்கமும் தள்ளுகிறது. மேலிருந்து ஒரு முறை, கீழிருந்து ஒரு முறை. எந்தப் பக்கம் எப்போது என்று தீர்மானிப்பது சிலிண்டரின் பக்கத்துப் பெட்டிக்குள் நகரும் ஸ்லைடு வால்வு. சமதளமான ஒரு முகத்தில் மூன்று பிளவுகள். இரு ஓரத்துப் பிளவுகள் சிலிண்டரின் இரு முனைகளுக்குப் போகின்றன. நடுப்பிளவு வெளியேறும் வழி. அடிப்பக்கம் குழிந்த சின்ன உலோகக் கட்டி ஒன்று இவற்றின்மேல் வழுக்குகிறது. அது ஒரு பக்கம் நகர்ந்தால் ஒரு முனைக்குப் புதிய நீராவி போகும். அதே நேரத்தில் மறுமுனையில் வேலை முடித்த நீராவி கட்டியின் குழிவு வழியாக நடுப்பிளவுக்கு வந்து வெளியேறும். எதிர்ப்பக்கம் நகர்ந்தால் எல்லாம் தலைகீழ். பெட்டிக்குள் இருக்கும் நீராவியே கட்டியை முகத்தோடு அழுத்திப் பிடிப்பதால் கசிவு தானாக அடைபடுகிறது. இவ்வளவு எளிய ஒரு துண்டு உலோகம் இத்தனை பொறுப்பை ஏற்றுக்கொள்வதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்புத்தான்.

வால்வை நகர்த்துவது கிராங்க் ஷாஃப்டில் மையம் விலக்கிப் பொருத்திய எக்சென்ட்ரிக் என்னும் வட்டத் துண்டு. அது கிராங்குக்கு 90 பாகைக்குச் சற்றே அதிகமாக முன்னால் நிற்க வேண்டும். அந்தச் ‘சற்றே’ எவ்வளவு என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அமைக்க வேண்டும். வால்வுப் பெட்டியின் மூடியைக் கழற்றி, ஃப்ளைவீலைக் கையால் மெல்லச் சுற்றி, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேல் பிளவு ஒரு மயிரிழை திறக்கிறதா, அடிக்கு வரும்போது கீழ்ப் பிளவும் அதே அளவு திறக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டும் சமமாகும்வரை வால்வுத் தண்டைத் திருகி, எக்சென்ட்ரிக்கைத் துளித்துளியாக நகர்த்தி, கடைசியில் திருகை முடுக்குவார்கள். எக்சென்ட்ரிக்கை எதிர்ப்பக்கம் திருப்பி முடுக்கினால் அதே எந்திரம் பின்னோக்கிச் சுற்றும்.

உருவத்தைச் சிறிதாக்கலாம், இயற்கையைச் சிறிதாக்க முடியாது என்பது இந்தக் கலையில் இருப்பவர்கள் அடிக்கடி சொல்வது. ஒரு சிலிண்டரின் எல்லா அளவுகளையும் பத்தில் ஒரு பங்காக்கினால், உள்ளே கொள்ளும் நீராவி ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். சுவரின் பரப்போ நூறில் ஒரு பங்காகத்தான் குறையும். அதாவது ஒவ்வொரு துளி நீராவியையும் பத்து மடங்கு அதிகமான குளிர்ந்த இரும்பு சூழ்ந்துகொள்கிறது. உள்ளே வந்த நீராவியில் ஒரு பகுதி தள்ளுவதற்கு முன்பே தண்ணீராகிவிடும். சின்ன எந்திரம் தன் அளவுக்கு மீறி நீராவி குடிப்பது இதனால்தான்.

இந்த உண்மை வெளிப்பட்டதே ஒரு மாதிரி எந்திரத்தில்தான். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த வைத்திருந்த, நியூகோமன் எந்திரம் என்னும் பழைய வகை நீராவி எந்திரத்தின் மாதிரி ஒன்று சரியாக ஓடவில்லை; 1763–64 குளிர்காலத்தில் அது ஜேம்ஸ் வாட்டிடம் பழுதுபார்க்க வந்தது. சிலிண்டரின் விட்டம் 2 அங்குலம், ஓட்டம் 6 அங்குலம். பழுது நீக்கிய பிறகும் சில முறை ஏறி இறங்கி நின்றுவிட்டது. பாய்லரால் ஈடுகொடுக்க முடியவில்லை. அந்த எந்திரத்தில் ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள்ளேயே தண்ணீர் பீய்ச்சி நீராவியைக் குளிர்விப்பார்கள். சிலிண்டரும் சேர்ந்து குளிரும். அடுத்த முறை அதைச் சுடவைக்கவே பாதிக்கு மேல் நீராவி போய்விடும். பெரிய எந்திரத்திலும் இந்த வீண் இருந்தது. சின்னதில் அது எந்திரத்தையே நிறுத்துமளவுக்குப் பெருகியதால் வாட்டின் கண்ணில் பட்டது. குளிர்விப்பதற்கென்று தனிக் கலன் வேண்டும் என்ற யோசனை 1765இல் அவருக்குத் தோன்றியது. 1769இல் காப்புரிமை பெற்றார். நீராவி யுகத்தைத் திருப்பிவிட்ட அந்தச் சிறு மாதிரியைக் கிளாஸ்கோவின் ஹண்டேரியன் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

இதே அளவுச் சிக்கல் 1920களில் ‘மாடல் இன்ஜினியர்’ பக்கங்களில் பெரும் விவாதமாக வெடித்தது. எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதியவர், நிஜ ரயில் எஞ்சினில் உள்ளதுபோல் நெருப்புப்பெட்டியும் குழாய்களும் கொண்ட பாய்லரைச் சரியாகச் செய்தால், நிலக்கரி எரித்து ஓடும் சிறு எஞ்சினும் வளர்ந்த மனிதரை இழுக்கும் என்றார். இரண்டரை அங்குல இருப்புப்பாதையில் ஓடிய தம் ‘ஆயிஷா’ எஞ்சினை ஓட்டியும் காட்டினார். ‘பாய்லர் போர்’ என்றே அந்த விவாதத்துக்குப் பெயர் நிலைத்துவிட்டது. பின்னர் பல பத்தாண்டுகள் அவர் எழுதிய செய்முறைத் தொடர்கள், லேத்தையே தொட்டிராத எத்தனையோ பேரை எஞ்சின் கட்டவைத்தன.

ஆனாலும் முதல் வேலையாக ரயில் எஞ்சினையோ பாய்லரையோ எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். பாய்லர் விளையாட்டல்ல. ஒரு லிட்டர் தண்ணீர் சாதாரணக் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 1,700 லிட்டர் நீராவியாக விரியும். அழுத்தத்தில் அடைபட்ட பாய்லர் திடீரென்று பிளந்தால் உள்ளிருக்கும் கொதிநீரின் ஒரு பகுதி அந்த நொடியே நீராவியாகிப் பாயும். அதனால் சிறு பாய்லர்களைத் தடித்த செம்பில் செய்து, வெள்ளி கலந்த பற்றாசால் பற்றவைப்பார்கள். ஈயப் பற்றாசு அழுத்தத்தைத் தாங்கும் இணைப்புகளுக்கு ஆகாது. தண்ணீர் வற்றினால் இளகிவிடும். புதிய பாய்லரை முதலில் முழுக்கத் தண்ணீரால் நிரப்பி, கைப்பம்பால், ஓட்டப்போகும் அழுத்தத்தைப் போல் இரு மடங்கு ஏற்றிச் சோதிப்பது வழக்கம். தண்ணீர் அமுங்காத பொருள். இணைப்பு விட்டாலும் கசிந்து அழுத்தம் இறங்குமே தவிர வெடிக்காது. காற்றை அடைத்து இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. இங்கிலாந்தின் மாதிரி எந்திரக் கழகங்களில் இதற்கென்றே அனுபவப்பட்ட சோதகர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரின் கையெழுத்து இல்லாமல் கழகத்துப் பாதையில் எஞ்சினை ஏற்ற விடமாட்டார்கள்.

பாய்லருக்குப் போகும்வரை காற்று போதும். சின்ன கம்ப்ரெஸர் ஒன்றிலிருந்து கொஞ்சமே அழுத்தத்தில் காற்றைக் கொடுத்து எந்திரத்தை ஓடவிடுவார்கள். முதலில் இறுக்கமாக, ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் தயங்கித் தயங்கி ஓடும். எண்ணெய் விட்டு ஓடவிட ஓடவிட, உராயும் முகங்கள் ஒன்றையொன்று தேய்த்து இணங்கிக்கொள்ளும். அதே வேகத்துக்கு முன்னைவிடக் குறைந்த காற்று போதுமானதாகும். அந்த மாற்றத்தைக் காதாலேயே கேட்கலாம்.

நீராவியில் ஓட்டும் நாளில் எந்திரத்தின் குணம் வேறு. சிலிண்டர் குளிர்ந்திருப்பதால் முதலில் வரும் நீராவியெல்லாம் உள்ளே தண்ணீராகத் தேங்கும். அமுங்காத அந்தத் தண்ணீர் பிஸ்டனை நிறுத்திவிடும். நல்லவேளையாக ஸ்லைடு வால்வு தன் முகத்திலிருந்து எழும்பி வழிவிடும். ஃப்ளைவீலைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டி, வெந்நீரைத் துப்பவைத்து, இரும்பு தொட முடியாத சூட்டுக்கு வந்த பிறகுதான் அது தானே பிடித்துக்கொண்டு ஓடும். உள்ளே எண்ணெய் போகவும் ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. நீராவிக் குழாயில் பொருத்திய சிறு குப்பியைக் கெட்டியான எண்ணெயால் நிரப்பி மூடுவார்கள். குப்பிக்குள் நுழையும் நீராவி குளிர்ந்து தண்ணீராகி அடியில் தங்கும். தண்ணீர் ஏறும் அளவுக்கு மேலிருக்கும் எண்ணெய் சொட்டுச் சொட்டாக வழிந்து நீராவியோடு சிலிண்டருக்குப் போகும். நகரும் உறுப்பு ஒன்றுகூட இல்லாத பம்ப்.

ஓட்டி முடித்ததும் சூடு ஆறுவதற்கு முன்பே உள்ளே எண்ணெய் விட்டு, சில சுற்றுகள் கையால் சுற்றி, குப்பியில் சேர்ந்த தண்ணீரை வடித்து, வெளியே தெளித்ததையெல்லாம் துடைத்துவிட வேண்டும். ஈரத்தோடு ஓரிரவு விட்டால் கடைந்து பளபளப்பாக்கிய வார்ப்பிரும்பில் காலைக்குள் துரு பூத்திருக்கும்.