மூத்த மோட்டார் வண்டியும் அதன் பராமரிப்பும்

மனிதனுக்கு மூப்பு வருவதுபோல யந்திரத்துக்கும் மூப்பு உண்டு. ஆயினும் மூத்தவையெல்லாம் நம்பத்தகாதவை என்று தள்ளிவிடுதல் முறையாகாது. வட்டுக்கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் வீதியில், அரை நூற்றாண்டைக் கடந்த மொறிஸ் மைனரும் ஓஸ்ரின் கேம்பிரிட்ஜும் இன்றும் எதிர்ப்படுவதுண்டு. இவை இத்தனை காலம் ஓடுவதன் இரகசியம் யாது?

வறுமையும் ஒரு காரணமே. 1960-ஆம் ஆண்டுகளில் அந்நியச் செலாவணி அருகியதால் வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. புதியது கிடையாதபோது பழையதைப் பேணுவதன்றி வேறு வழியில்லை. மற்றொரு காரணம் வண்டியின் எளிய அமைப்பாகும். அலெக் இசிகோனிஸ் என்பவர் வகுத்த மொறிஸ் மைனர் 1948-இல் வெளிவந்தது. அதிற் பின்னர் பொருத்தப்பட்ட யந்திர வகையே 1958-இல் வந்த ஓஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்னும் பந்தயப் பாணிக் காரையும் ஓட்டியது. சில திறப்புக்கோல்களும் பொறுமையும் உடையவர் அதனைக் கழற்றிப் பூட்டலாம்.

இவ்வெளிமை 1990-இன் பின் உயிர் காத்தது. யுத்தம் மீண்டும் மூண்டு, குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, இவ்வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த யந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலால் சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு யந்திரத்தை எழுப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அமுக்கம் குறைந்த அப்பழைய யந்திரங்கள் அத்தாழ்ந்த எரிபொருளையும் சகித்துக்கொண்டன. நள்ளிரவில் நோயாளரையும் பிரசவ வேதனையுற்ற தாய்மாரையும் ஆஸ்பத்திரி சேர்த்த வண்டிகள் இவை. ஆனால் எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி யந்திர எண்ணெயுடன் கலந்து, அதன் வழுவழுப்பைக் கெடுக்கும். எண்ணெயை அடிக்கடி மாற்றியவரின் யந்திரம் பிழைத்தது. மாற்றாதவருடையது தேய்ந்து ஒழிந்தது.

இன்று பெற்றோல் உண்டு. எனினும் பகைகள் வேறு உள. முதலாவது துரு. மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தகட்டு உடலே பாரந் தாங்குகிறது. அராலிக் கடலேரியின் உப்புக்காற்று கதவடித் தகடுகளை உட்புறமிருந்து அரிக்கும். மேலே வர்ணம் பூசி மறைப்பது புண்ணின்மேற் பட்டுடுத்துவதற்கு ஒப்பாகும். இரண்டாவது, முன்சில்லுகளைத் தாங்கும் திருகுமூட்டுகள். 1,000 மைலுக்கு ஒருமுறையேனும் கிறீஸ் ஊட்டாவிடின் அவை தேய்ந்து, ஓடும்போதே சில்லு சரிந்துவிடக்கூடும். மூன்றாவது, பிறேக். அதன் எண்ணெய்த் தாங்கி சாரதியின் காலடித் தரைக்குக் கீழே மறைந்திருப்பதால் பலர் அதனை மறந்துவிடுகின்றனர். மறதியின் விலை உயிராகவும் இருக்கலாம்.

உதிரிப் பாகம் கிடையாதென்று அஞ்சுவோர் ஒன்றை அறிதல் நன்று. 1990-களில் இலங்கையிலேயே மைனருக்கான பாகங்கள் செய்யப்பட்டு, அவ்வண்டி பிறந்த இங்கிலாந்துக்கே அனுப்பப்பட்டன. நமது கடைசற் பட்டறைகளிலும் தேய்ந்த பாகத்தைப் பார்த்துப் புதியதைக் கடைந்து தரும் கைகள் இருந்தன. அக்கைகள் மூப்படைகின்றன, அவற்றின் அறிவைக் கற்க முன்வரும் இளைஞர் சிலரே. வண்டி அழிவதற்கு முன் இவ்வித்தை அழிந்துவிடுமோ என்பதே நமது கவலை.

அவ்வாறாயின், பாட்டனார் விட்டுச்சென்ற வண்டியை வைத்திருப்பதா, விற்பதா? மாதம் ஒருநாள் அதன்கீழ்ப் படுத்துப் பார்க்கவும், பழுது சிறிதாயிருக்கும்போதே பணம் செலவிடவும் இயன்றவர் வைத்திருக்கலாம். இயலாதவர், அது கொட்டகையில் துருப்பிடிக்குமுன் பேணத்தக்கவரிடம் கொடுத்துவிடுதல் மேல். வைத்திருப்போரும் அதன் வயதை மதித்து வேகத்தைக் குறைத்தல் வேண்டும். ஆசனப்பட்டி இல்லாத காலத்து வண்டி அது. மாணவர்களோ விடுமுறையில் ஒருநாள் அதன் மூடியைத் திறந்து, அறிந்தார் ஒருவரிடம் கேட்டுப் பார்ப்பார்களாக. பௌதிக நூலிற் படித்த வெப்பமும் அமுக்கமும் மின்பொறியும் ஒருங்கே தொழில் செய்வதைக் கண்ணாரக் காணலாம்.