மாத்தளைத் தோட்டங்களும் குடியிருப்புரிமையும்

எல்கடுவையைச் சார்ந்த ரத்வத்தைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஒரு குடும்பத்தின் தற்காலிகக் குடில் தோட்ட நிருவாகத் தரப்பினரால் தகர்க்கப்பட்டது. அக்காட்சி நாடெங்கும் பரவிற்று. அமைச்சரும் நேரிற் சென்றார். பரபரப்பு அடங்கியபின் எஞ்சி நிற்பது ஒரு வினா. தலைமுறை தலைமுறையாக ஒரு மண்ணில் வாழ்வோர் அம்மண்ணிலேயே அத்துமீறிக் குடியேறியோராக எண்ணப்படுவது எங்ஙனம்? இதன் விடையைத் தனியொரு துரையின் சினத்திற் காண்டல் இயலாது. சட்டத்தின் அமைப்பிலேயே காணவேண்டும்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக எண்பிக்கப்படும்வரை, முடிக்கே உரியன எனக் கொண்டது. கண்டி நாட்டுக் குடியானவனிடம் காணி உறுதி ஏது? அவன் சேனை வெட்டிய மலைகளும் மாடு மேய்த்த சரிவுகளும் கோப்பித் தோட்டங்களாயின. 1848இல் மாத்தளையில் மூண்ட கலகத்துக்குப் புதிய வரிகளே உடனடிக் காரணமாயினும், இவ்விழப்பின் கசப்பும் அதிற் கலந்திருந்தது. காட்டைத் திருத்த வந்தவரோ தென்னிந்தியத் தொழிலாளர். மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியே நடந்து மாத்தளையை அடைந்தனர். ஒருவனிடமிருந்து நிலத்தைப் பறித்த சட்டம், அதைத் திருத்திய மற்றவனுக்கும் கொடுத்ததில்லை. இவ்விருவரையும் பிறவிப் பகைவராகக் காட்டும் எழுத்துக்களை மாணவர் ஐயத்தோடு படித்தல் நன்று.

தொழிலாளிக்குக் கிடைத்தது லயத்தில் ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஒரு காம்பரா. அஃது அவன் வீடன்று. அவன் வேலையின் ஒரு கூறு. பெயர் பதிந்திருக்கும்வரை காம்பரா உண்டு. இங்கேதான் சட்டத்தின் நுட்பம் ஊன்றி நோக்கற்பாலது. உரிமையாளனை ஏற்காது, இடையூறின்றிப் பத்தாண்டு ஒரு காணியை ஆண்டுவந்தவன் அதற்கு உரியவனாகலாம் என்பது 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் விதி. (வேலியைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பயனடைந்தோரை நம் ஊர்களில் யாவரும் அறிவர்.) ஆயின், உரிமையாளனின் இசைவோடு இருப்பவனுக்கு அப்பத்தாண்டு ஓடத் தொடங்குவதேயில்லை. அத்துமீறியவனுக்குக் காலம் துணைசெய்கிறது. பணிந்து இருந்தவனுக்கு நூறாண்டும் பயன்படவில்லை!

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசின் வசமாயின. பத்தாண்டு விதி அரச காணியைக் கட்டுப்படுத்தாது. சில தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை அற்றிருந்த தொழிலாளர் பலர் பங்கு பெறாதது மட்டுமன்றி, வேலையும் காம்பராவும் இழந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கங்களுக்குச் சென்றனர். 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணி மீட்புச் சட்டமோ இன்னுங் கடியது. வெளியேறுமாறு அறிவித்தல் பெற்றவர் நீதவான் முன்னிலையிற் காட்டத்தக்கது, அரசின் செல்லுபடியான உத்தரவுப் பத்திரமோ வேறு எழுத்துமூல அதிகாரமோ மட்டுமே. பாட்டன் நட்ட பலாமரம் சான்றாகாது.

இந்நிலை நமக்கே உரியதன்று. மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய பார்படோசில், 1838இல் முழுவிடுதலை பெற்ற கரும்புத் தோட்ட மக்கள், துரத்தப்பட்டாற் கழற்றி வண்டியில் ஏற்றத்தக்க பலகைவீடுகளையே கட்டினர். நிலம் தோட்டத்துக்கு உரியதாயிருந்தமையே காரணம். 1980இல் அங்கு இயற்றப்பட்ட ஒரு சட்டம், ஐந்தாண்டு குடியிருந்த தோட்டக் குடிகள் தம் மனையைச் சதுரவடிக்குப் பத்துச் சதமாக வாங்கும் உரிமையை அளித்தது. அச்சட்டம் அவர் குடியிருந்த காலத்தையே உரிமைக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டமை கருதத்தக்கது.

நம் மலையகத்தில் அண்மைக் காலத்தில் அரசின் பொருளாலும் இந்திய உதவியாலும் ஏழு பேர்ச் காணியிற் தனிவீடுகள் எழுந்துள்ளன. வரவேற்கத்தக்கதே. எனினும், வீட்டோடு உறுதியும் கைக்கு வரும்போதுதான் குடியிருப்போன் உரிமையாளன் ஆவான். திறப்புக் கையளிக்கும் விழாக்களின் நிழற்படங்களைப் பார்க்குந்தோறும் உறுதி எங்கே என்றே என் கண் தேடுகின்றது.

எங்கள் பாடசாலைச் சேர்விடாப்பில் முகவரி நிரலில் தோட்டப் பெயர், பிரிவு, லய இலக்கம் என்றே எழுதிவருகிறோம். கடிதங்கள் தோட்டக் கந்தோருக்குச் செல்லும். பல ஆண்டுகளுக்கு முன் என் மாணவனொருவனுக்கு நேர்முகப் பரீட்சை அழைப்பு வந்தது. குறித்த நாள் கழிந்து நான்காம் நாளில் அது அவன் கையிற் சேர்ந்தது.