பவளத்துக்கு வெளிச்சம், விளக்குக்குக் காற்று

எல்.இ.டி. விளக்கு சூடாகாது என்று கடையில் சொல்வார்கள். தொட்டியின் மேல் கையை நீட்டிப் பார்த்தால் அது சரி என்றே படும்; ஒளி விழும் பக்கத்தில் சூடே தெரியாது. அதே விளக்கின் முதுகைத் தொட்டால் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். பவளத் தொட்டிக்கு வீட்டிலேயே விளக்கு கட்ட நினைப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது இந்த முதுகுச் சூட்டைப் பற்றித்தான். ஒளிக் கணக்கு ஒரு மாலையில் முடிந்துவிடும். வெப்பக் கணக்கில் கோட்டைவிட்டால், எவ்வளவு நல்ல எல்.இ.டி. வாங்கினாலும் சீக்கிரம் மங்கிப்போகும்.

பவளம் ஒரு விலங்கு. அதன் திசுவுக்குள் சூசாந்தெல்லே என்னும் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து, தயாரிக்கும் உணவில் பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. கடல்நீர் சிவப்பு ஒளியைச் சில மீட்டர்களிலேயே விழுங்கிவிடுவதால் ஆழத்துக்கு இறங்குவது நீலம்தான். பாசியின் பச்சையமும் பெரிடினின் என்ற நிறமியும் அந்த நீலத்தைப் பிடிப்பதில் கெட்டிக்காரர்கள். 450 நானோமீட்டரை ஒட்டிய ‘ராயல் புளூ’ எல்.இ.டி. இதற்கென்றே செய்ததுபோல் பொருந்துகிறது. பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் சாத்தியமாக்கிய இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. எல்.இ.டி. வருவதற்கு முன்பு 250 வாட், 400 வாட் மெட்டல் ஹாலைடு விளக்குகளைத் தொட்டிக்கு மேல் தொங்கவிட்டு, அந்தச் சூட்டைத் தணிக்கத் தண்ணீருக்குத் தனியாகச் சில்லர் வைத்தார்கள்.

இந்தியாவில் இருப்பவர்கள் கட்டும் முன்பே ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கல் பவளங்கள் அனைத்தும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன; கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். 2010இலும் 2016இலும் கடல் சூடேறி வெளுத்துப்போன மன்னார் வளைகுடாத் திட்டுகளிலிருந்து ஒரு துண்டுகூடக் குறையக் கூடாது. தொட்டியில் எதை வைக்கலாம் என்பதை அந்த அட்டவணையைப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

இனி விளக்கு. 100 லிட்டர் பிடிக்கும் 2 அடித் தொட்டியை எடுத்துக்கொள்வோம். 24 எல்.இ.டி. போதும்: பாதிக்கு மேல் ராயல் புளூ, மீதியில் குளிர் வெள்ளை, கொஞ்சம் ஊதா. பன்னிரண்டு பன்னிரண்டாகத் தொடர் இணைப்பில் இரண்டு வரிசை. ஒவ்வொன்றும் சுமார் 3.2 வோல்ட் எடுக்கும். ஒரு வரிசைக்கு 38 வோல்ட் சொச்சம். 48 வோல்ட் பவர் சப்ளை ஒன்றை வைத்து, வரிசைக்கு ஒரு 700 மில்லி ஆம்பியர் டிரைவர் கொடுத்தால் மொத்தம் 54 வாட் அளவில் நிற்கும்.

டிரைவர் இல்லாமல் நேரே வோல்டேஜைக் கொடுத்தால் என்ன? எல்.இ.டி. சூடாகச் சூடாக அதற்குத் தேவைப்படும் வோல்டேஜ் குறைகிறது. கொடுக்கும் வோல்டேஜ் மாறாமல் இருந்தால் கரண்ட் கூடும். கரண்ட் கூடினால் சூடு கூடும். சூடு கூடினால் மறுபடி கரண்ட் கூடும். கடைசியில் கருகும். கரண்டை ஒரே அளவில் பிடித்துவைக்கும் டிரைவர்தான் இந்தச் சுழலை வெட்டுகிறது. பவர் ஓடிக்கொண்டிருக்கும்போது எல்.இ.டி. வரிசையை டிரைவரில் சொருகாதீர்கள். இணைத்து முடித்த பிறகே சுவிட்ச்.

54 வாட்டில் ஏறக்குறைய பாதிதான் ஒளியாக வெளியேறும். மிச்சம் 30 வாட் அளவுக்கு, நகக்கண் அளவுகூட இல்லாத சில்லுகளுக்குள் வெப்பமாகத் தங்கும். எல்.இ.டி.யின் ஒளிக்கற்றையில் அகச்சிவப்பு அனேகமாக இல்லாததால் அந்த வெப்பம் ஒளியோடு போக வழியில்லை. சில்லிலிருந்து அடியில் உள்ள ‘ஸ்டார்’ என்னும் அலுமினியத் தகட்டுக்கு, அதிலிருந்து வெப்பத்தைப் பரப்பிவிடும் இதழ்கள் கொண்ட ஹீட் சிங்குக்கு, அங்கிருந்து அறைக் காற்றுக்கு என்று பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும்.

இந்த வழியில் மிகக் குறுகலான இடம் ஸ்டாரும் ஹீட் சிங்கும் சேரும் பரப்பு. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே நுண்ணிய பள்ளங்கள் இருக்கும். அவற்றில் நிற்பது காற்று. காற்று அலுமினியத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு மோசமான வெப்பக் கடத்தி. அந்தக் காற்றை வெளியேற்றத்தான் தெர்மல் பேஸ்ட். ஒரு பொட்டளவு வைத்து, அழுத்தி, ஸ்க்ரூ போட்டால் போதும். தாராளமாக அப்பினால் பேஸ்டே தடையாகிவிடும்.

ஈயம் வைக்கும்போது இந்த வழி கண்ணெதிரே தெரியும். ஸ்டாரை ஹீட் சிங்கில் பொருத்திவிட்டுச் சால்டரிங் அயர்னை வைத்தால் ஈயம் உருகாமல் கட்டியாக நிற்கும். அயர்னின் சூட்டையே அலுமினியம் உறிஞ்சிவிடுகிறது. அதனால் பொருத்தும் முன்பே மரப்பலகைமேல் வைத்து எல்லா முனைகளிலும் ஈயப் பூச்சு கொடுத்துவிடுவது வழக்கம். ஒவ்வொரு ஸ்டாரையும் மாட்டியதும் முனைக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பீப் ஒலித்தால் ஷார்ட். ஒன்றொன்றாகப் பார்த்தால் உடனே பிடித்துவிடலாம். எல்லாவற்றையும் மாட்டிவிட்டுத் தேடுவது பெரும்பாடு.

வாட்டுக்கு அரை டிகிரி ஏறும் ஹீட் சிங்கில் 30 வாட் இறங்கினால் அறை வெப்பத்தைவிட 15 டிகிரி கூடும். குளிர்நாட்டில் 20 டிகிரி அறைக்குப் போட்ட கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் சென்னையின் மே மாதத்தில் உதைக்கும். அறை 36 டிகிரி என்றால் ஹீட் சிங்க் 51, அதற்குமேல் இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடுதலாகச் சில்லு. அதுகூடத் தாங்கும். அதே ஹீட் சிங்கை மரப்பெட்டிக்குள் அடைத்துவைத்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

சிறிய ஹீட் சிங்கும் வேகமான ஃபேனும் மலிவு. ஆனாலும் பெரிய ஹீட் சிங்கையும் மெதுவாகச் சுற்றும் ஃபேனையுமே நான் சொல்வேன். ஃபேன் ஒருநாள் நிற்கும். உப்புக் காற்றில் சீக்கிரமே நிற்கும். அன்றைக்கு அலுமினியம் மட்டுமே விளக்கைக் காப்பாற்ற வேண்டும். 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேனை 9 வோல்ட்டில் ஓட்டினால் சத்தம் அடங்கும், காற்று போதும். அது அறைப் பக்கத்திலிருந்து காற்றை இழுத்து ஹீட் சிங்கின் இதழ்கள்மேல் ஊத வேண்டும். தண்ணீர்ப் பக்கத்திலிருந்து இழுத்தால் உப்புத் துளிகளையும் சேர்த்து இழுக்கும். 60 டிகிரியில் துண்டிக்கும் தெர்மல் சுவிட்ச் ஒன்றை ஹீட் சிங்கில் ஒட்டி, பவர் சப்ளையின் வழியில் சேர்த்துவிடுங்கள். ஹீட் சிங்குக்கு எர்த், சுவரில் மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.; கீழே இருப்பது உப்புத் தண்ணீர், இதில் சமரசம் வேண்டாம்.

தண்ணீருக்குள் போகும் ஒளியும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறும். பவளத்துக்கு 25, 26 டிகிரி உகந்தது. 30ஐத் தாண்டி நீடித்தால் பாசிகளை வெளியே தள்ளி வெளுக்கத் தொடங்கும். நீர்ப்பரப்பின் குறுக்கே இன்னொரு ஃபேன் ஊதினால் ஆவியாதலே குளிர்விக்கும்: 175 மில்லி லிட்டர் ஆவியானால் 100 லிட்டரிலிருந்து ஏறக்குறைய 1 டிகிரிக்கான வெப்பம் போய்விடும். உப்பு ஆவியாகாது என்பதால் குறைந்ததை ஆர்.ஓ. நன்னீரால் நிரப்ப வேண்டும். புழுக்கம் மிகுந்த நாட்களில் இந்த ஆவிக் குளிர்ச்சி மந்தமாகத்தான் வேலை செய்யும்.

விளக்கு எரிந்ததும் நீலம் மங்கலாக இருக்கிறதே என்று கூட்டத் தோன்றும். நம் கண் 450 நானோமீட்டர் ஒளியை, பச்சையை உணர்வதில் 4 சதவீத அளவுக்குத்தான் உணர்கிறது. பாசி அப்படியல்ல; அதற்கு அது உச்சிவெயில். (அதே காரணத்தால் அந்த எல்.இ.டி.யை நேராக உற்றுப்பார்க்கவும் கூடாது.) முதல் வாரம் மூன்றில் ஒரு பங்கு ஒளியில் தொடங்கி, சில வாரங்களில் மெல்ல ஏற்றுங்கள். பவளம் வெளிறினால் குறையுங்கள். பழுப்பேறினால் இன்னும் கொஞ்சம் கேட்கிறது என்று கொள்ளலாம்.