புதுப்பித்த படகு வாங்குமுன்

பிரிட்டனில் இருபது, முப்பது வயதான மோட்டார் படகுகள், ‘முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது, நெடுந்தூரம் ஓடும், கரையோரப் பயணத்துக்கு ஏற்றது’ என்ற விளம்பரத்தோடு விற்பனைக்கு வருகின்றன. விலை பேசுமுன் விற்பவர் யாரென்று கேளுங்கள். சட்டம் உங்களுக்கு எவ்வளவு தூரம் துணை வரும் என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது.

அவர் படகு வணிகர் என்றால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் பொருந்தும். வயதையும் விலையையும் வைத்துப் பார்க்கையில் படகின் தரம் திருப்தியாக இருக்க வேண்டும். சொன்ன விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும். அப்படி இல்லாவிட்டால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். அதன் பிறகு, பழுது நீக்கித் தர அவருக்கு ஒரு வாய்ப்பு தர வேண்டும். அதுவும் சரிவராவிட்டால்தான் விலைக்குறைப்போ திருப்பிக் கொடுப்பதோ.

தனி ஆளிடம் வாங்கினால் கதை வேறு. படகு அவருடையதாக இருக்க வேண்டும், விவரித்தபடி இருக்க வேண்டும். தரத்துக்குச் சட்டம் பொறுப்பேற்காது. பொய் சொல்லி விற்றிருந்தால் இங்கிலாந்தில் 1967ஆம் ஆண்டின் தவறான கூற்றுச் சட்டத்தின்கீழ் இழப்பீடு கேட்கலாம். தரகரின் பளபளப்பான அலுவலகத்தைப் பார்த்து, வணிகரிடம் வாங்குகிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அவர் விற்பவரின் முகவர்தான்.

ஆகவே விளம்பரத்தின் ஒவ்வொரு சொல்லையும் எழுத்தில் வாங்குங்கள். நெடுந்தூரம் என்றால் எந்த வேகத்தில், எத்தனை லிட்டர் டீசலுக்கு எத்தனை கடல்மைல்? நிதானமாக ஓட்டிக் கணக்கிட்ட தூரம், வேகத்தைக் கூட்டினால் பாதியாகக்கூடக் குறையலாம். கரையோரப் பயணத்துக்கு ஏற்றதா என்பதற்கும் அளவுகோல் உண்டு. 1998 ஜூனுக்குப் பிறகு ஐரோப்பியச் சந்தைக்கு வந்த படகுகளில், எவ்வளவு உயர அலைக்கு ஏற்றது என்பதை எழுத்தால் காட்டும் ஒரு தகடு இருக்கும். அதில் ‘பி’ என்றால் நான்கு மீட்டர் அலை வரை. ‘சி’ என்றால் இரண்டு மீட்டர்தான். எஞ்சினின் வகையையே மாற்றியது போன்ற பெரிய மாற்றம் நடந்திருந்தால் மறுமதிப்பீட்டுச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

புதுப்பித்தல் என்பதில் எது அடங்கும் என்று யாரும் வரையறுக்கவில்லை. மெத்தையும் வார்னிஷும் மாற்றியதும் அதுதான். வயரிங் முழுவதையும் மாற்றியதும் அதுதான். புது வார்னிஷைவிடப் பணிமனை ரசீதுகளைத்தான் நான் நம்புவேன். யார் செய்தார், எப்போது, எந்தப் பாகம் என்பது அவற்றில் இருக்கும். 2013 ஏப்ரலில் விண்டர்மியர் ஏரியில் ‘ஆர்னிஸ்டன்’ என்ற படகில் ஒரு தாயும் மகளும் கார்பன் மோனாக்சைடு நச்சில் இறந்தார்கள். எஞ்சின் அறையில் வைத்த சிறு ஜெனரேட்டருக்குக் கைவேலையாகச் செய்து மாட்டிய புகைக்குழாய் கழன்று, வாயு உள்ளே புகுந்திருந்தது. எச்சரிக்கைக் கருவிகள் மின் இணைப்பில்லாமல் கிடந்தன. வெளியே தெரியாத இப்படிப்பட்ட கைவேலைகளில்தான் உயிர் போகிறது.

விற்பவர் காட்டும் பழைய சர்வே அறிக்கையை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அதை எழுதியவருக்கும் உங்களுக்கும் ஒப்பந்தம் இல்லை. தப்பிருந்தால் அவர்மேல் வழக்குப் போடுவது கடினம். சொந்தச் செலவில் சர்வேயரை அமர்த்தி, படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் பெரும்பாலும் எஞ்சினைப் பிரித்துப் பார்க்க மாட்டார். அதற்குத் தனி மெக்கானிக் வேண்டும். சர்வே திருப்தியாக இருந்தால் மட்டுமே வாங்குவேன் என்ற நிபந்தனை, முன்பணம் தருமுன் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

உரிமைப் பத்திரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிரிட்டனின் கப்பல் பதிவேட்டில் மூன்றாம் பகுதியில் பதிவான சிறு படகுக்கு அந்தப் பதிவு உரிமைச் சான்று ஆகாது. அடமானமும் அதில் பதிவாகாது. முதல் பகுதியில் இருந்தால் அடமானம் உண்டா என்று பதிவேட்டின் நகலில் பார்க்கலாம். புதுப்பித்த பணிமனைக்குப் பாக்கி இருந்தால், பணம் வரும்வரை படகை விடாமல் வைத்திருக்க அதற்கு உரிமை உண்டு. கடலில் படகை மீட்டவருக்குத் தர வேண்டிய கூலி, பணியாளர் சம்பளம் போன்றவை உரிமையாளர் மாறினாலும் படகைத் தொடர்ந்து வரும்.

கோளாறு தெரிந்தால் உடனே எழுத்தில் தெரிவித்துப் படங்களும் நிபுணர் அறிக்கையும் சேர்த்து வையுங்கள். அதற்குமுன் நீங்களே பழுது பார்த்துவிட்டால் ஆதாரம் போய்விடும். கடன் அட்டையில் முன்பணம் கட்டினால் வங்கி பொறுப்பேற்கும் என்ற நம்பிக்கை 30,000 பவுண்டுக்கு மேற்பட்ட படகுக்குப் பொதுவாகச் செல்லாது. இங்கிலாந்தில் சிறு உரிமைகோரல் நீதிமன்ற வழி 10,000 பவுண்டு வரைதான்; அதைத் தாண்டினால் வழக்குச் செலவும் ஏறும். ஒப்பந்த மீறலுக்கு அங்கே வழக்குப் போடும் காலவரம்பு ஆறு ஆண்டு, ஸ்காட்லாந்தில் ஐந்து.